பிடி என்றால் எந்தப் பிடி

இரவு ஒன்பது மணிக்கு மேல் இருக்கும். ஜவளகிரியிலிருந்து தளிக்கு வருகிற ரோடு. ரோடு என்று பேர்தான்... இரண்டு பக்கமும் காடு, நடுவில் செம்மண்ணும் சரளையும். அந்த நேரத்தில் அங்கே நாய் கூட நடக்காது. அதில் ஒரு பழைய ஜீப்பு வருகிறது. உள்ளே மூன்று பேர்.

இரு, இரு. நஞ்சம்மா, முதலில் அந்த அழுகின மாம்பழத்தைத் தூக்கித் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எறி. முழங்கை வரைக்கும் ஒழுகுகிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு கதை கேட்கிறாயாம். ச்சீ. சாமல்பட்டி ஸ்டேஷன் மாஸ்டர், மாம்பழம் ஏற்றுகிற கூட்ஸ் வாகன் வர விடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். இத்தனை கூடைக்கும் காவல் நாம் நாலு பொம்பளைகள்தான். வைக்கோலை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வாருங்கள். முந்தானையில் துடைக்காதே, போய்க் கையைக் கழுவு... வேண்டாம், குழாய்ப் பக்கம் இருட்டாக இருக்கிறது. உட்கார்.

இது எனக்கு நடந்தது இல்லை. என் சிநேகிதி முனிலட்சுமி இருக்கிறாளே, அவள் அண்ணன் ஆஞ்சப்பனுக்கும் அண்ணி காவேரிக்கும் நடந்தது. காவேரி வாயால் சொல்லி முனிலட்சுமி கேட்டு, அவள் என்னிடம் சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை. கூட்டுகிற அளவுக்கு என் வயிறு திடமில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஆஞ்சப்பன் நம்ம பக்கத்து ஆள்தான். ஓசூரில் பெங்களூர் ரோட்டு மேல் ரிப்பேர் ஷெட்டு வைத்திருந்தான். காவேரி ஜவளகிரிக்காரி, வீட்டில் கன்னடம். ஏழு வருஷக் குடித்தனத்தில் தமிழ் நன்றாகவே வந்துவிட்டது அவளுக்கு. ஆஞ்சப்பன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். வாய்தான் கொஞ்சம்... பெண்டாட்டி என்றால் 'ஏய்', கோபம் வந்தால் 'எருமே'. சிரிக்காதே ராஜாத்தி, உன் வீட்டில் மட்டும் பூப்போட்டா கூப்பிடுகிறார்கள்? ஆனாலும் காவேரிக்கு அவன் என்றால் உயிர். பிள்ளையில்லை. அப்பன் ஆத்தாளும் போய்விட்டார்கள். அவனை விட்டால் அவளுக்கு யாருமில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதல் எலெக்ஷன் நடந்ததே, அதற்கு அடுத்த வருஷம். காவேரிக்குத் தூரத்துத் தம்பி முறை ஒருத்தன் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் ஜவளகிரி போயிருந்தார்கள். திரும்பி வர பஸ் போய்விட்டது. அப்போதுதான் கரியப்பன் ஜீப்போடு வந்து நின்றான். காட்டில் மூங்கில் வெட்டக் கூப்பு ஏலம் எடுக்கிற வெங்கடசாமி என்று ஒரு காண்டிராக்டர், அவருடைய டிரைவர். அந்த ஜீப்பு, வெள்ளைக்காரன் சண்டை முடிந்து ஏலத்தில் விட்டுப் போனது.

"ஏறுங்கண்ணா, ஓசூருல எறக்கி விடறேன். இந்த ஹேண்ட் பிரேக்கு நிக்கவே மாட்டேங்குது. ஒவ்வொரு எடத்துலயும் கல்லு வெச்சு வெச்சு இடுப்பே போச்சு. நாளைக்கு ஷெட்டுல பாத்துக் குடுத்துருங்க" என்றான்.

உங்களுக்கு இந்த ஹேண்ட் பிரேக் சமாச்சாரம் தெரியாது. எனக்கும் தெரியாது, முனிலட்சுமி சொன்னதுதான். அந்த ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் கிடையாதாம். வண்டியின் வயிற்றுக்கு அடியில், சுற்றுகிற தண்டில் ஒரு டிரம். அதைச் சுற்றி இடுப்பு ஒட்டியாணம் மாதிரி ஒரு பட்டை. மேலே கைப்பிடியை இழுத்தால் பட்டை டிரம்மைக் கவ்வும், வண்டி நிற்கும். பட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் வழுக்கும், நிற்காது. அவ்வளவுதான்.

பாதி வழி ஒன்றுமில்லை. காவேரி தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். ஒரு மேடு வந்தது. ஜீப்பு முக்கி முக்கி ஏறுகிறது...

அப்போது நாற்றம் வந்தது.

முதலில் தலைமயிர் கருகுகிற நாற்றம். பிறகு அதற்கு அடியிலிருந்து இன்னொன்று. ஆட்டுக்கொழுப்பை உருக்கி மூடி வைத்து, ஒரு மாசம் கழித்துத் திறந்தால் எப்படி இருக்கும், அது. காவேரி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஜீப்பு 'ஙொய்ங்...' என்று இழுத்து நின்றுவிட்டது. காலுக்கு அடியிலிருந்து புகை.

"கைப்பிடியை இழுத்தியாடா?" என்றான் ஆஞ்சப்பன்.

கரியப்பன் இழுக்கவில்லை. கைப்பிடி உள்ளே தள்ளித்தான் இருந்தது. நாள் பூராவும் பிடிக்காத பட்டை, யாரும் இழுக்காமல் தானாகக் கவ்விக்கொண்டது. கரியப்பன் அந்த மேட்டைப் பார்த்தான், ரோட்டோரத்து ஆலமரத்தைப் பார்த்தான். "தண்ணி கொண்டாறேண்ணா" என்று இறங்கினவன் நடக்கவில்லை... ஓடினான். லாந்தரைக்கூட எடுக்கவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போகிறவன் வாளியையாவது எடுத்துப் போகமாட்டானா?

ஆஞ்சப்பன் இரண்டு வசவு வைதுவிட்டு லாந்தரோடு குனிந்து பார்த்தான்.

"டிரம்முல என்னமோ சுத்திக்கிட்டிருக்குது. கோணி மாதிரி... ஏய், எறங்கி மூக்கைப் புடிச்சிக்கிட்டு நிக்காத. மேல ஏறு. ஸ்டியரிங்கு பின்னால உக்காரு."

வேலை என்னவென்றால், பட்டையைத் தளர்த்தினாலும் சிக்கினது வராது. வண்டி இம்மி பின்னால் உருண்டால் தண்டு சுற்றும், அப்போதுதான் உருவி எடுக்கலாம். அதனால் காவேரி கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும். அவன் சொல்லும்போது இம்மி விட வேண்டும், சொன்னதும் அமுக்க வேண்டும். ஒரு பெரிய கல்லைப் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தான். கால் நழுவினாலும் கல் தாங்கும். கல் இல்லாவிட்டால் முன் சக்கரம் அவன் மேல்தான் ஏறும். குறுக்கே படுத்து, இடுப்பு வரை உள்ளே நுழைந்திருந்தான்.

"ரெண்டு தட்டு தட்டுனா இம்மி விடு. ஒரு தட்டு தட்டுனா அமுக்கு. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"ஏங்க, வாயால சொன்னா என்னவாம்?"

"தொறந்தா இந்தக் கருமம் வாய்க்குள்ள ஒழுகும். அதுவுமில்லாம நான் பிடின்னா, உங்க பாசையில அது விடுன்னு ஆயிருது. எங்க ஷெட்டுல கன்னடத்தான், தெலுங்கன், தமிழன் எல்லாம் இருக்கானுங்க. அடியில படுத்தா ஸ்பேனர்தான் பேசும். மூடிக்கிட்டு மிதி."

அது நிஜம்தான். நம் 'பிடி'யும் அவர்கள் 'பிடி'யும் எழுதினால் ஒன்றுதான். சொல்லும்போது அவர்கள் உதட்டைக் கொஞ்சம் அழுத்துவார்கள். நமக்குக் கெட்டியாகப் பற்று. அவர்களுக்கு விட்டுவிடு. ஓசூர்ப் பக்கம் பஸ்ஸில், சந்தையில் இதை வைத்து எத்தனை கேலி நடக்கும், தெரியுமா.

டொக்... டொக்.

காவேரி குதிகாலை லேசாகத் தளர்த்தினாள். வண்டி ஒரு விரற்கடை பின்னால் போனது.

டொக்.

அமுக்கினாள். அடியில் 'ஸ்ஸ்ரக்' என்று ஈரத்துணி கிழிகிற சத்தம். ஆஞ்சப்பன் கை வெளியே வந்து எதையோ ரோட்டில் எறிந்தது. லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தாள். வேட்டிக் கிழிசல். கிரீஸில் ஊறி, வழவழவென்று.

மறுபடியும் டொக்... டொக். மறுபடியும் டொக். இந்தத் தடவை வந்தது துணி இல்லை. முடி. ஒரு கொத்து. அதன் அடியில் தோல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஞ்சப்பன் அடியில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. எந்த நாயோ நரியோ அடிபட்டிருக்கும் என்று காவேரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் நரிக்கு அவ்வளவு நீளமாக, எண்ணெய் தடவி வாரின முடி ஏது?

நஞ்சம்மா, வாந்தி வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள். கூடை மேல் எடுத்துவிடாதே.

பிறகு சத்தமே இல்லை.

தட்டு வரவில்லை. கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், மூடிக்கிட்டு மிதி என்று சொல்லியிருக்கிறானே. கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது பின்னால்... கர்ர்ர்...

யாரோ எதையோ இழுக்கிறார்கள். கர்ர்ர்... நிறுத்தி, மறுபடி கர்ர்ர். சரளை மேல் கல் நகர்கிற சத்தம். சக்கரத்துக்குப் பின்னால் வைத்த கல். அதை ஆஞ்சப்பன் இழுக்க முடியாது, அவன் கால் இரண்டும் இந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் எட்டிப் பார்த்தாள். அவன் கால்தான். கட்டைவிரல் இரண்டும் வானத்தைப் பார்த்து விறைத்து நின்றன.

"என்னங்க?"

டொக் டொக்.

"என்னங்க, கல்லு போயிருச்சுங்க!"

டொக் டொக். டொக் டொக். அவசரமாக. விடு, விடு என்று.

கூடவே அடியிலிருந்து குரல் வந்தது.

"பிடி..."

வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல். கொழகொழவென்று. அவன் குரல்தானா? அவன் குரல் போலவும் இருந்தது.

"பிடி... பிடி..."

காவேரி பிறந்ததிலிருந்து கேட்ட பாஷை எது? கன்னடம். பயத்தில் மனுஷிக்குத் தாய்ப் பாஷைதானே முன்னால் வரும்? அவள் காதில் அது 'விட்டுவிடு' என்றுதான் விழுந்தது. தட்டும் விடு என்கிறது, வாயும் விடு என்கிறது. பாவம், கை எங்கோ சிக்கியிருக்கிறது, வண்டி நகர்ந்தால்தான் எடுக்க முடியும் போல என்று நினைத்தாள். குதிகால் தூக்கியது. வண்டி சிலிர்த்து ஆடியது...

அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்று உறைத்தது.

கன்னடத்தில் 'பிடி' என்றால் சும்மா விடு இல்லை. விடுங்கள். மரியாதையாகச் சொல்வது. மாமனாரிடம், முதலாளியிடம் சொல்வது. பெண்டாட்டியிடம், வேலையாளிடம் என்றால் 'பிடு'. ஆஞ்சப்பனுக்கு அந்தளவு கன்னடம் நன்றாகவே தெரியும், அவளைத் திட்டுவதற்கென்றே கற்றுக்கொண்டவன். ஏழு வருஷத்தில் அவன் அவளிடம் ஒரு தடவை மரியாதையாகப் பேசியிருக்கிறானா? உயிர் போகிற நேரத்திலா புதிதாக மரியாதை வரப் போகிறது?

அப்படியென்றால் அது கன்னடப் பிடி இல்லை. நம்ம பிடி!

இரண்டு காலையும் ஓங்கிப் பெடல் மேல் வைத்து, ஸ்டியரிங்கை மார்போடு கட்டிக்கொண்டு அமுக்கினாள். வண்டி அரை அடி போய் 'கிறீச்' என்று நின்றது.

தட்டு நின்றது. குரலும் நின்றது.

பிறகு... பெடலின் கம்பி தரைத் தகட்டுக்குள் இறங்குமே, அந்த ஓட்டை வழியாக ஏதோ வந்தது. ஈரமாக, வெதுவெதுப்பாக. கிரீஸ் வழிகிற கை. அது அவள் பாதத்தைத் தடவியது. சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து மெல்லத் தூக்கியது. அடுத்த விரலையும் தூக்கியது. தூங்குகிற குழந்தை கையிலிருந்து சாமானைப் பிடுங்குவோமே, அவ்வளவு பதமாக. அந்த விரல்களில் நகம் இல்லை என்றாள் காவேரி. நகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் மெத்து மெத்தென்று இருந்ததாம். தூ! இதைச் சொல்லும்போதே எனக்கு உள்ளங்காலில் ஊறுகிறது.

காலை உதறினால் போதும், அது போய்விடும். உதறினால் புருஷன் போய்விடுவான். வாய்க்கு வந்ததை மடியிலேயே வாந்தியெடுத்தாள். காலை எடுக்கவில்லை. அது விரலைத் தூக்கத் தூக்க இவள் குதிகாலை அழுத்தினாள். தாலியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியவில்லை. லாந்தரில் எண்ணெய் தீர்ந்து திரி கருகி அணைந்தது.

அப்புறம் அந்தக் கை, வந்த மாதிரியே வழுக்கிக்கொண்டு இறங்கிப் போனது.

டொக்.

ஒரே ஒரு தட்டு.

இருட்டில் சரளை உரசும் சத்தம். அவன் ஊர்ந்து வெளியே வந்தான். வந்து எழுந்து நின்றான்! காவேரிக்கு அழுகை பொங்கியது. "வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா" என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. தலையிலிருந்து நெஞ்சு வரைக்கும் கறுப்பாக அப்பியிருந்தது, அந்த நாற்றம் அப்படியே அவன் மேல் வீசியது. அவளுக்கு அதெல்லாம் பெரிதாகவே இல்லை. நாறினாலும் உயிரோடு இருக்கிறானே! அவன் எதையோ துப்பினான். ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கப்பென்று பிடித்தது. அவள் காலை எடுத்தாள். வண்டி அசையவில்லை. பிறகு ஸ்டார்ட் செய்து ஓட்டினான். ஓசூர் வரைக்கும் பேசவில்லை. தொண்டைக்குள் கிரீஸ் போயிருக்கும், பேச முடியவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கரியப்பன் வந்தான். தளியில் யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்தே விடிய வைத்தானாம். முகம் சோறு தின்னாதவன் முகமாக இருந்தது. ஆஞ்சப்பன் வீட்டுக்குப் பின்னால் சீயக்காய் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அண்ணன் இருக்காரா? உசுரோட இருக்காரா?" என்று கேட்டுவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் ஓடுன? சொல்லு" என்றாள் காவேரி.

"அந்த மேடும்மா. போன வருசம் அங்கதான். ராமப்பன்னு ஒரு ரிப்பேர் மேஸ்திரி, சேலத்துப் பக்கத்துத் தமிழாளு. இதே ஹேண்ட் பிரேக்குதான், அடியில படுத்திருந்தாரு. எங்க மொதலாளி பெடல் மேல. நான் கல்லு எடுத்தார போயிருந்தேன். கையி பட்டைக்குள்ள சிக்கிருச்சு போல... பிடின்னு கத்துனாரு. மொதலாளி கன்னடக்காரரு. மரியாதையா விடுங்கன்னு சொல்றான்னு நெனச்சு காலை எடுத்துட்டாரு."

காவேரி வாசல்படியில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"டிரம்மக் கழுவவே ரெண்டு வாளி சீமெண்ணெய் ஆச்சும்மா. கழுவுனவன் நான். இன்னும் எனக்குக் கறி எறங்க மாட்டேங்குது. மொதலாளி, குடிச்சிட்டுப் படுத்திருந்தான்னு எழுதிக் குடுத்துட்டாரு. பொய்யி. மேஸ்திரி தங்கமான மனுசன். அதிர்ந்து பேச மாட்டாரு. என்னை, கிளீனரை, டீ கொண்டாற பசங்களைக்கூட நீங்க வாங்கன்னுதான் கூப்பிடுவாரு. எப்பவும் போல 'பிடிங்க'ன்னு சொல்லியிருந்தா மொதலாளிக்கு வெளங்கியிருக்கும். அந்த ஒரு வாட்டிதான்ம்மா அவரு வாயில மரியாதை கொறஞ்சுது."

பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. கரியப்பன் எழுந்து ஜீப்பு சாவியைக்கூடக் கேட்காமல் போய்விட்டான்.

காவேரி உள்ளே வந்தாள். ஆஞ்சப்பன் வேட்டி மாற்றி, தலை துவட்டி, தரையில் உட்கார்ந்திருந்தான். அதே முகம், அதே காது மச்சம். எத்தனை சீயக்காய் போட்டும் அந்தக் கொழுப்பு நாற்றம் மட்டும் வீட்டுக்குள் இருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தட்டு வைத்தாள். களி உருண்டையை வைத்து, கீரை ஊற்றினாள். இன்னொரு கரண்டி எடுத்தாள்.

அவன் தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தான். நேற்று ராத்திரியிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"போதுங்க" என்றான். "நீங்க சாப்பிட்டீங்களா?"